மூன்று நாய்களும் ஒரு மலையும்

கடற்கரையில் நாள் முழுவதும் நடப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் மணல். வழி தவறிவிடுமோ என்ற கவலைக்கே அங்கே இடமில்லை. பசித்தால் சுண்டல் கிடைக்கும். களைத்தால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம். கூட வரும் நாய்க்கும் அலையைத் துரத்துவது, நண்டைக் கண்டு குரைப்பது ஆகிய இரண்டு உத்தியோகங்கள் தயாராகக் காத்திருக்கும்.

ஆனால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் கடல் வாய்த்துவிடுவதில்லையே! கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு வாய்த்திருப்பது மலை. ஊருக்கு வெளியே வந்து மேற்கே திரும்பிப் பார்த்தால், வானத்தின் அடியில் யாரோ நீல மையால் கோடு இழுத்தது போல் அது தெரியும். அதன் பெயர் கல்வராயன் மலை. ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சை மலை ஆகியவற்றைப் போலக் கிழக்குத் தொடர்ச்சி மலைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வடக்கே பாலாற்றுக்கும் தெற்கே காவேரிக்கும் நடுவே நின்று, இருவர் நிலத்தையும் பாகம் பிரித்துக் கொடுக்கும் மத்தியஸ்தர்களில் இதுவும் ஒன்று. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மலையின் வட பாகத்தைச் சின்னக் கல்வராயன் என்றும் தென் பாகத்தைப் பெரிய கல்வராயன் என்றும் சொல்வார்கள். 2019-ஆம் வருஷம் நவம்பர் 26-ஆம் தேதி, விழுப்புரம் ஜில்லாவிலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாகியது. அதன் மேற்குப் பகுதி முழுவதும் இந்த மலைதான்.

இத்தனை பெரிய மலை இத்தனை சமீபத்தில் இருந்தும், சமவெளியில் உள்ளவர்களில் பெரும்பாலோர் அதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. மலையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரிகையில் வருகிற சங்கதிதான். பத்திரிகையிலோ கள்ளச்சாராயம் என்ற தலைப்பின் கீழ்தான் அந்த மலையின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ஒரு மலையை அப்படித் தெரிந்துகொள்வது போதுமா என்ற கேள்விக்குப் பதில் தேடித்தான், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் நடந்து போனோம்.

பரிவாரம்

நாங்கள் மொத்தம் நாலு பேர். ஒருவர் தமிழ் வாத்தியார். ஒருவர் மிருக வைத்தியர். மற்றொருவர் பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாலாவது ஆசாமி இந்தக் கட்டுரைக்குப் பொறுப்பாளி. மனிதர்களைப் பற்றி இவ்வளவு போதும். நாய்கள்தான் முக்கியம்.

முதலாவது நாய் ராஜபாளையத்து ஜாதி. பால் போன்ற வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக, ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையைப் போல் நிமிர்ந்து நடப்பது. பெயர் வெள்ளையன். வண்டியை விட்டு அது இறங்க மறுத்தபோதெல்லாம் வாத்தியார், “வெள்ளையனே, வெளியேறு!” என்று 1942-ஆம் வருஷத்துக் குரலில் கட்டளையிட்டார். இரண்டாவது, தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறை இனம். ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் உடைய அதற்கு மின்னல் என்று பெயர் வைத்ததில் மிகை ஒன்றுமில்லை. மூன்றாவது நாய்க்கு ஜாதியும் கிடையாது, ஜாதகமும் கிடையாது. பாங்கி நண்பரின் தெருவில் பிறந்து, அவர் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தது. தமிழ்நாட்டு நாய்களில் பாதிக்கு என்ன பெயரோ, அதுவே இதற்கும் பெயர்: மணி.

நம்முடைய நாட்டு நாய்களுக்கு இப்போது கொஞ்சம் நல்ல காலம் வந்திருக்கிறது. 2005-ஆம் வருஷம் தபால் இலாகா வெளியிட்ட நாய்த் தபால் தலைகளில் ராஜபாளையமும் இடம் பெற்றது. குளிர் தேசத்து நாய்களைக் கொண்டுவந்து, சித்திரை வெயிலில் அவை நாக்கைத் தொங்கவிட்டுத் தவிப்பதைப் பார்த்து, பிறகு அவற்றுக்காகக் குளிர்சாதன அறை கட்டும் விநோதத்தைக் காட்டிலும், இந்த மண்ணின் வெயிலுக்கென்றே உருவான பிராணியை வளர்ப்பது புத்திசாலித்தனம் அல்லவா?

புறப்படுமுன் மிருக வைத்தியர் மூன்று நிபந்தனைகள் விதித்தார். மூன்று நாய்களுக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மலையில் எந்த நாயும் சங்கிலியில்லாமல் போகக் கூடாது. பாதையை விட்டுக் காட்டுக்குள் நுழையக் கூடாது. “வேட்டை நாயைக் காட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சங்கிலியில் கட்டுவதா?” என்று வாத்தியார் அங்கலாய்த்தார். வைத்தியர் பொறுமையாக விளக்கினார். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைவிடப் பெரிய அபாயம் நோய். 2018-ஆம் வருஷம் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. மாண்டவற்றில் பலவற்றின் உடலில், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற நோயின் கிருமி காணப்பட்டது. வெறிநாய்க் கடியோ இன்னும் பொல்லாதது. நோயின் குறிகள் தோன்றிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. தோன்றுமுன் ஊசி போட்டுக்கொண்டால் அநேகமாக யாரும் சாவதில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டியர் 1885-ஆம் வருஷத்தில் இதற்கு வழி கண்டார். 1907-ஆம் வருஷத்திலேயே நமது குன்னூரில் அவர் பெயரால் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. இருந்தும், ஆஸ்பத்திரி தூரமாயுள்ள மலைக் கிராமங்களில் ஒரு கடி என்பது இன்றைக்கும் விளையாட்டுக் காரியமல்ல. “விருந்துக்குப் போகிறவன் வெறுங்கையோடு போனாலும் போகலாம், நோயோடு போகக் கூடாது” என்று வைத்தியர் முடித்தார். வாத்தியார் மறு பேச்சின்றிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

அணையிலிருந்து அருவி வரை

மலையடிவாரத்து ஊர் கச்சிராயபாளையம். அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வரிசையாக நின்றன. காற்றெல்லாம் பாகு மணம். மணி மட்டும் அந்த மணத்தை ரசித்து, மேற்கொண்டு நடக்க மனமில்லாமல் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஊரைத் தாண்டினால் கோமுகி அணை. 1960-களில் கட்டப்பட்ட இதன் நீர்மட்டம் 46 அடி. மேட்டூரைப் பார்த்தவர்களுக்கு இது குழந்தை அணையாகத் தோன்றலாம். ஆனால் சுற்றிலுமுள்ள நெல் வயல்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் இதுதான் தாய். நாங்கள் போனபோது சூரியன் உதிக்கவில்லை. தண்ணீருக்கு மேல் புகைபோல் பனி தவழ்ந்தது. மின்னல் காதுகளை விறைத்துக்கொண்டு, தன் ஆயுளில் முதல் தடவையாக அசையாமல் நின்றது.

பிறகு மலைப்பாதை. “எத்தனை வளைவுகள் என்று கணக்கெடுக்கிறேன்” என்று பாங்கி நண்பர் உற்சாகமாக ஆரம்பித்தார். நாலாவது வளைவில் மூச்சு வாங்கியது. ஆறாவது வளைவுக்குப் பிறகு கணக்கு நின்றுவிட்டது. மோட்டாரில் போகிறவர்களுக்கு மலை என்பது இடமும் வலமும் சாய்கிற ஒரு தலைசுற்றல். நடந்து போகிறவர்களுக்குத்தான், எந்த வளைவில் மூங்கில் தொடங்குகிறது, எங்கே காற்று குளிர்கிறது, எந்த இடத்தில் கீழே விட்டு வந்த அணை ஒரு கைக்கண்ணாடியாகச் சுருங்குகிறது என்பதெல்லாம் தெரிகிறது. நாய்களுடன் நடப்பவர்களுக்கு இன்னும் அதிகம் தெரியும். இரவில் காட்டுப்பன்றி குறுக்கே போன தடத்தை வெள்ளையன் மூக்கால் கண்டுபிடித்தது. கிளைகளில் குரங்குகள் இருப்பதை நாங்கள் காண்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பே மின்னல் கண்டுவிட்டது. மணி தன் பங்குக்கு, எங்கள் கட்டுச்சோற்று மூட்டை எந்தத் தோளிலிருந்து எந்தத் தோளுக்கு மாறுகிறது என்பதைக் கவனித்து வந்தது.

எதிரே மலைவாசிகள் இறங்கி வந்தார்கள். தலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையுடன் ஒரு தம்பதி; பள்ளிப் பையை மாட்டியிருந்த ஒரு பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் பாட்டி ஒருத்தி. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு நடை பொழுதுபோக்கு. அவர்களுக்கு அதுதான் வாகனம்.

வெள்ளிமலைக்குப் போகும் வழியில், சாலைக்குச் சமீபத்திலேயே பெரியார் அருவி விழுகிறது. மார்கழி மழையின் மிச்சம் பாறையில் வழிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் குளிக்கும் இடத்துக்குக் கீழே போய் நாய்களை நீரில் விட்டோம். மணி குதித்தது, வெள்ளையன் இறங்கியது, மின்னல் ஒரு பாதத்தை நனைத்து, குளிர் தாளாமல் பின்வாங்கி, எங்களைத் துரோகிகளைப் போல் பார்த்தது. “கடற்கரைக்கே போயிருக்கலாம்” என்று பாங்கி நண்பர் காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். “அவசரப்படாதேயும், கடல் இங்கேதான் புறப்படுகிறது” என்றார் வாத்தியார். அவர் சொன்னதில் பிழையில்லை. இந்த மலையின் ஓடைகளால் நிறைகிற கோமுகி ஆறு மணிமுக்தாற்றில் சேருகிறது. மணிமுக்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடைகிறது.

பெரியவர் சொன்ன கதை

நடுப்பகலுக்கு மேல் ஒரு சிற்றூரை அடைந்தோம். சாமை அறுவடை முடிந்த கொல்லைகள். நடுவே மரவள்ளித் தோட்டம். அதன் ஓரத்தில் பன்றிக் காவலுக்காகக் கட்டிய பரண். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களை வரவேற்று, அவித்த கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொடுத்தார். எங்கள் புளியோதரையில் பாதி அவர் வீட்டுக் குழந்தைகளுக்குப் போயிற்று. பெரியவரின் பார்வை நாய்களின் மேலேயே இருந்தது.

“மூன்று நாய்!” என்றார். “எங்கள் கதையிலும் மூன்று நாய்தான் சாமி.”

இந்த மலையின் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்பதே அதன் பொருள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் நம்பிக்கை. பெரியவர் சொன்ன கதை இது:

காஞ்சியிலே பெரியண்ணன், நடு அண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். ஒரு நாள் மூன்று நாய்களை அழைத்துக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள். பெருமழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் அக்கரையில் தங்கிவிட, நாய்கள் மட்டும் ஆற்றைக் கடந்து வீடு வந்து சேர்ந்தன. எஜமானர்கள் இல்லாமல் நாய்கள் தனியே வந்ததைக் கண்ட பெண்கள், புருஷன்மார் மாண்டார்கள் என்றே முடிவு கட்டினார்கள். தாலி களைந்தார்கள், ஈமக் கடன்களையும் செய்து முடித்தார்கள். வெள்ளம் வடிந்து சகோதரர்கள் திரும்பி வந்தபோது, தங்கள் வீட்டிலேயே அவர்கள் இறந்தவர்களாகியிருந்தார்கள். இறந்தவனுக்கு ஊரில் ஏது இடம்? மூவரும் மலைகளைத் தேடிப் போய்விட்டார்கள். அவர்கள் சந்ததிதான் மலைமக்கள்.

இந்தக் கதை மலைக்கு மலை சிறிது மாறும். சரித்திரமா, கற்பனையா என்ற விசாரணை நமக்கு வேண்டாம். கேட்டு முடித்ததும் நாங்கள் மூன்று நாய்களையும் திரும்பிப் பார்த்தோம். வெள்ளையன் தூங்கியது. மின்னல் கிழங்குத் தோலை முகர்ந்தது. மணியைக் காணோம்! கட்டியிருந்த மரத்தில் சங்கிலி மட்டும் தொங்கியது. அதன் கொக்கி தேய்ந்து வாய் பிளந்திருந்தது.

மணி எங்கே?

கூப்பிட்டோம், சீட்டியடித்தோம். பெரியவர் தம் பேரப் பிள்ளைகள் இருவரை வீட்டு நாயுடன் அனுப்பினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. வெயில் சாய்ந்து, கிழக்குச் சரிவில் நிழல் விழுந்தது. கீழே எங்களை ஏற்றிப் போக வரச் சொல்லியிருந்த வண்டி காத்திருக்கும்.

பாங்கி நண்பரின் முகம் வெளுத்துவிட்டது. எட்டு வருஷம் வளர்த்த நாய். மனம் கலங்கியவர் வாயில் வார்த்தைகளும் கலங்கித்தானே வரும்? “சிறுத்தை கொண்டுபோயிருக்கும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இல்லாவிட்டால் இந்த மனிதர்களே பிடித்து எங்கேயாவது கட்டிவிட்டார்களோ, என்னவோ! சாராயம் காய்ச்சுகிற இடத்தில் காவலுக்கு நாய் வேண்டாமா? எத்தனை செய்தி படிக்கிறோம்!” என்றார்.

வாத்தியார் அவர் தோளில் கை வைத்தார். “ஓய், வெள்ளம் வடிவதற்குள் தாலியைக் களையாதேயும்” என்றார்.

சிறிது நேரத்தில் பேரப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பின்னால் மணி! பரணுக்கு அடியில், காவல் நாய்க்கு எதிரே உட்கார்ந்து, காவற்காரக் கிழவி வைத்த களியைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்ததாம். தெருவில் பிறந்த நாய்க்கு எல்லாத் தெருவும் சொந்தம்தான். பாங்கி நண்பர் அதைக் கட்டிக்கொண்டார். பிறகு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். மிருக வைத்தியர் காவல் நாயைச் சோதித்துப் பார்த்து, அதற்கும் வீட்டு நாய்க்கும் அங்கேயே தடுப்பூசி போட்டுவிட்டார். பெட்டியில் மருந்து கொண்டு வந்திருந்த ரகசியம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தனியே வந்த சேதிகள்

இறங்கும்போது அந்தக் கதையே எங்கள் பேச்சாக இருந்தது. காஞ்சிப் பெண்கள் பொய்யைக் கண்டு ஏமாறவில்லை. நாய்கள் தனியே வந்தது நிஜம். ஆனால் அது பாதி நிஜம். மீதிப் பாதி ஆற்றுக்கு அக்கரையில் உயிரோடு நின்றுகொண்டிருந்தது.

சமவெளிக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே நெடுங்காலமாக இதே கதைதான் நடக்கிறது. 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்தது, குழந்தைகள் அனாதைகளானார்கள். உயிரைக் குடித்த பொருள் மெதனால். தொழிற்சாலைகளின் உபயோகத்துக்கான ரசாயனம் அது. உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுத்து, உயிரையும் வாங்கும். மலையில் காய்ச்சுகிறார்கள் என்பதும் மறைக்கத்தக்க சங்கதி அல்ல. மதுவை ஆதரிக்க நாம் இங்கே பேனா பிடிக்கவில்லை. ஆனால் ‘கல்வராயன் மலை என்றால் சாராயம்’ என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறோமே, அது தனியே வந்த நாயைப் பார்த்துத் தாலி களைந்த கதை அல்லாமல் வேறென்ன?

அக்கரையில் நிற்கும் மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். 1947-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி தேசம் சுதந்திரம் பெற்றது. ஆனால் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த இந்த மலை 1976-ஆம் வருஷத்தில்தான் சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. ஊரெல்லாம் விடிந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து இங்கே கோழி கூவியது! சாலையும் பள்ளியும் வைத்தியமும் பிந்தி வந்ததில் ஆச்சரியம் உண்டா? 2024-ஆம் வருஷத்துத் துயரத்துக்குப் பின், சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து இம்மலை மக்களின் வாழ்க்கை நிலையை விசாரிக்கத் தொடங்கியது. கடுக்காயும் தேனும் சேகரித்து, சாமையும் கிழங்கும் பயிரிட்டு, வந்தவர்க்கு முதலில் உணவு கொடுத்துப் பிறகு பெயர் கேட்கும் ஜனங்களின் வாசலுக்குச் சாலை போடுவதும், கர்ப்பிணியைத் தூளியில் சுமக்க வேண்டாதபடி செய்வதும் தர்மமல்ல; பாக்கிக் கடன்.

நேயர்களில் கால்பலம் உள்ளவர்கள் மழைக்காலம் கழிந்ததும் ஒரு முறை போய் வாருங்கள். நாய் இருந்தால் அழைத்துச் செல்லுங்கள். ஊசி போட்டு, சங்கிலியின் கொக்கியையும் ஒரு முறை சோதித்துவிட்டு. கொண்டுபோன காகிதத்தையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டு வாருங்கள். கிழங்கோ தேனோ வாங்கினால் கேட்ட விலையைக் கொடுங்கள். முக்கியமாக, அங்கே யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். நாய் கொண்டு வந்த சேதியை நாம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. ஆற்றைத் தாண்டிப் போய் ஆளைப் பார்ப்பதுதான் பாக்கி.